பிரிட்ஜ் சிமுலேட்டர் அருமை, நூலகம் அதைவிட அருமை, கணினிக்கூடம்தான் இடிக்கிறது

சீஃப் மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) தேர்வுக்கு முன்னால் முடிக்க வேண்டிய படிப்புகளுக்காக ஒரு கடல்சார் கல்லூரியில் ஆறு வாரம் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறேன். கேடட்டாக (பயிற்சி மாணவனாக) இருந்த காலத்தில் இப்படி ஒரு கல்லூரியில் சேரும்போது எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. கட்டடம் பெரிதாக இருந்தது, வாசலில் நங்கூரம் வைத்திருந்தார்கள், சேர்ந்துவிட்டேன். அதனால்தான் இந்த முறை நூலகம், கணினிக்கூடம், சிமுலேட்டர் மூன்றையும் குறிப்பெடுத்துக்கொண்டே பார்த்தேன். குறைகளும் சொல்லப்போகிறேன் என்பதால் கல்லூரியின் பெயர் வேண்டாம். எந்தக் கடல்சார் கல்லூரிக்குப் போனாலும் நீங்கள் பார்க்கப்போவது இதே மூன்று இடங்களைத்தான்.

முதலில் பிரிட்ஜ் சிமுலேட்டர், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தள அறையின் மாதிரி. கதவைத் திறந்து உள்ளே போனால் இருட்டு, எதிரே 270 டிகிரிக்குத் திரை, நடுவில் சுக்கான், இரண்டு ரேடார், இரண்டு எக்டிஸ் (மின்னணுக் கடல் வரைபடக் கருவி), டெலிகிராஃப் (என்ஜின் வேகக் கட்டளைக்கானது), விஎச்எஃப் ரேடியோ எல்லாம் நிஜக் கப்பலில் இருக்கும் அதே உயரத்தில். அலை ஏறி இறங்கும்போது தரை அசையவே இல்லை, ஆனாலும் முதல் நாள் எங்களில் இருவர் கன்சோலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள். இந்த மாதிரிக் கருவிகளுக்கு டிஎன்வி என்ற கப்பல் தரச்சான்று அமைப்பு ஒரு வகைப்பாடு வைத்திருக்கிறது: ஏ என்றால் முழுப் பிரிட்ஜ், பி என்றால் பல பணிகளுக்கானது, சி குறைந்த பணிகளுக்கு, எஸ் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும். கையேட்டில் 'ஏ வகுப்பு' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது நல்ல விஷயம்தான். ஆனால் சேர்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு குழுவில் எத்தனை பேர், அதில் நான் எத்தனை மணி நேரம் வாட்ச் அதிகாரியாக (அந்த நேரத்தில் பிரிட்ஜுக்குப் பொறுப்பானவராக) நிற்பேன், பயிற்சி முடிந்ததும் உட்கார்ந்து பேச எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள்.

இங்கே நான்கு பேர் ஒரு குழு. ஒருவர் கேப்டன், ஒருவர் வாட்ச் அதிகாரி, ஒருவர் சுக்கான், ஒருவர் லுக்அவுட் (சுற்றிலும் பார்த்துச் சொல்பவர்), ஒவ்வொரு பயிற்சிக்கும் இடம் மாறும். ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பக்கத்து அறையில் பதிவைப் போட்டுப் பேசுவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்தக் கல்லூரிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். இரவுப் பயிற்சி, நல்ல பார்வைத்தூரம், என் வேகம் 14 நாட் (மணிக்கு 14 கடல் மைல்). ஸ்டார்போர்டு (வலது) பக்கம் சுமார் 40 டிகிரியில், 8 மைல் தூரத்தில் ஒரு கப்பல், சிவப்பு விளக்கு தெரிகிறது (கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை). ஆர்பாவில் (மற்றக் கப்பலின் போக்கைக் கணக்கிடும் ரேடார் வசதி) போட்டேன், மூன்று நிமிடம் பொறுத்தேன், ஏனென்றால் முதல் நிமிடத்தில் அது காட்டுவது வெறும் போக்கு மட்டும்தான், நம்பக்கூடிய வெக்டர் வர மூன்று நிமிடம் வேண்டும். சிபிஏ, அதாவது இரண்டு கப்பலும் மிக நெருங்கும் தூரம், 0.2 மைல். அது என் வலப்பக்கம் இருப்பதால் வழிவிட வேண்டியது நான். சரி என்று 5 டிகிரி திருப்பினேன், சிபிஏ கொஞ்சம் கூடியது, இன்னொரு 5, அப்புறம் இன்னொரு 5. கடைசியில் 0.9 மைலில் அதன் பின்பக்கமாகக் கடந்து போய்விட்டேன். மோதவில்லை, யாரும் கத்தவில்லை, எனக்குத் திருப்தி.

பேச உட்கார்ந்தபோது பயிற்றுநர் என் பிரிட்ஜின் பதிவைப் போடவே இல்லை. அந்த இன்னொரு கப்பலை ஓட்டியது பக்கத்து அறையில் இருந்த இரண்டாவது குழு, இரண்டு பிரிட்ஜும் ஒரே பயிற்சியில் இணைக்கப்பட்டிருந்தன என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவர்கள் ஜன்னலிலிருந்து பார்த்த காட்சியைப் போட்டார். தூரத்தில் என் கப்பல், இரண்டு மாஸ்ட் விளக்கு, ஒரு பச்சை. நான் முதல் 5 டிகிரி திருப்பிய நேரத்தை ஓரத்தில் கடிகாரம் காட்டுகிறது, பச்சை அப்படியே நிற்கிறது. இரண்டாவது 5, பச்சை. மூன்றாவது 5, அப்போதும் பச்சை. மாஸ்ட் விளக்குகள் கொஞ்சம் நெருங்கின, அவ்வளவுதான். சிவப்பு எட்டிப் பார்த்தது கடைசிச் சில நிமிடங்களில், அதற்குள் அந்தக் குழு ஐந்து குறுகிய ஒலி கொடுப்பதா, தாங்களே திரும்புவதா என்று வாக்குவாதத்தில் இருந்தது. அவர்களுடைய குரலும் பதிவில் கேட்கிறது. "இவன் நம்மைப் பார்த்தானா இல்லையா?" என்று ஒருவர் கேட்கிறார். அந்த 'இவன்' நான்.

1972 மோதல் தவிர்ப்பு விதிகளில் 8-ஆவது விதி கேடட் காலத்திலிருந்தே எனக்கு மனப்பாடம். திருப்பம் மற்றக் கப்பலுக்குக் கண்ணாலும் ரேடாரிலும் சட்டென்று தெரியும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும், சின்னச் சின்னதாக அடுத்தடுத்துத் திருப்பக் கூடாது. வாய்மொழித் தேர்வில் மூச்சுவிடாமல் ஒப்பித்திருக்கிறேன். எதிர்க்கப்பலில் நின்று என்னையே பார்க்கும்வரை அந்த விதி யாருக்காக எழுதப்பட்டது என்று எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் அதே நிலைமையை மறுபடி கொடுத்தார்கள், ஒரே திருப்பாக 50 டிகிரி போனேன். பதிவில் பச்சை மறைந்து சிவப்பு வந்தது, இரண்டு மாஸ்ட் விளக்கும் நெருங்கி, ஒன்றின் மேல் ஒன்றாகி, மறுபக்கம் விரிந்தன. எதிர்க்குழு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசத் தேவையிருக்கவில்லை.

எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேச மாலுமிப் பயிற்சி ஒப்பந்தத்தில் சிமுலேட்டர்களுக்கென்றே ஒரு விதி இருக்கிறது, ஐ/12. கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதோடு, பயிற்சிக்கு முன் விளக்கம், பின் அலசல், பயிற்றுநரின் தகுதி என்றெல்லாம் அதன் கோட் பேசுகிறது. ஆனால் பல இடங்களில் அலசல் என்பது "எல்லாம் நன்றாகச் செய்தீர்கள், அடுத்த குழு வாங்க" என்பதோடு முடிந்துவிடும். நான் முன்பு ஒரு ரேடார் படிப்பு முடித்த இடத்தில் அப்படித்தான். திரை புத்தம் புதிது, அலசல் ஐந்து நிமிடம். சான்றிதழ் வந்தது, வேறெதுவும் என்னோடு வரவில்லை.

ஆழமில்லாத வாய்க்கால் பயிற்சியும் இங்கே நன்றாக இருந்தது. போவதற்கு முன் ஸ்குவாட்டை (ஓடும்போது கப்பல் கூடுதலாகத் தாழும் அளவை) நாமே கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்றார்கள். பிளாக் கோஎஃபிஷியன்டை (கப்பலின் நீரடி வடிவம் எவ்வளவு பெட்டி போல இருக்கிறது என்ற எண்ணை) நாட் கணக்கிலான வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும், குறுகிய நீர்வழி என்றால் அதைப் போல இரண்டு மடங்கு. 0.8 உள்ள கப்பல் 10 நாட்டில் போனால் திறந்த ஆழமற்ற நீரில் 0.8 மீட்டர், வாய்க்காலில் 1.6 மீட்டர். வேகத்தைப் பாதியாக்கினால் அது கால் பங்காகிவிடும், வாய்க்காலில் 0.4 மீட்டர். தாளில் இது வெறும் எண். சிமுலேட்டரில் டிராஃப்ட் (கப்பல் நீருக்குள் இறங்கியிருக்கும் அளவு) 11 மீட்டர், ஆழம் 13, நான் 10 நாட்டில் உள்ளே நுழைகிறேன், கீலுக்கு (கப்பலின் அடிப்பாகத்துக்கு) கீழே மிச்சம் என்று காட்டும் எண் 2-லிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்து 0.4 பக்கத்தில் நின்றது, சுக்கான் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஸ்லோ அஹெட் (மெதுவான முன்வேகம்) போட்டதும் எண் மெல்ல மேலே ஏறியதைப் பார்த்துக்கொண்டே நின்ற அந்த இரண்டு நிமிடத்துக்குப் பிறகு வேகத்தைக் குறைக்கச் சொல்ல எனக்குக் கை தயங்காது.

என்ஜின் ரூம் சிமுலேட்டர் என் துறை இல்லை, அதனால் அதிகம் சொல்ல மாட்டேன். ஒரு சனிக்கிழமை டெக் ஆட்களான எங்களையும் உள்ளே விட்டார்கள், அது கல்லூரியின் நல்ல மனசு. கன்ட்ரோல் ரூம் தனி, சுவிட்ச்போர்டு தனி, இயந்திர இரைச்சல் ஒலிக்கும் அறை தனி. முழு பிளாக்அவுட் கொடுத்து, எமர்ஜென்சி ஜெனரேட்டரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக உயிர்ப்பிக்கச் சொன்னார்கள். இரண்டாவது ஜெனரேட்டரை இணைக்கும்போது சின்க்ரோஸ்கோப் (இரண்டு ஜெனரேட்டரும் ஒத்துப்போகிறதா என்று காட்டும் கருவி) முள் மெதுவாக வலச்சுற்றாகச் சுற்ற வேண்டும், பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் பிரேக்கரைப் போட வேண்டும். நான் அவசரப்பட்டேன், பிரேக்கர் விழுந்து மறுபடி எல்லாம் இருட்டு. பிரிட்ஜிலிருந்து "பவர் எப்போ வரும்?" என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை போன் அடிக்கும் பழக்கத்தை அன்றோடு விட்டுவிட்டேன். ஜிஎம்டிஎஸ்எஸ் (கடல் அபாயத் தகவல்தொடர்பு) கூடமும் போதுமானதாக இருக்கிறது, ஆளுக்கு ஒரு செட். நிஜக் கப்பலில் மூடியைத் திறந்து அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்க்க முடியாது. இங்கே அழுத்தலாம், சேனல் 70-இல் அபாயச் செய்தி எப்படிப் போகிறது, அப்புறம் சேனல் 16-இல் என்ன பேச வேண்டும், தவறாக அழுத்திவிட்டால் எப்படி ரத்து செய்வது என்று கை பழகும்வரை செய்யலாம்.

இப்போது நூலகம். சிமுலேட்டரைப் பார்க்க வருகிறவர்கள் யாரும் நூலகத்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை, சுற்றிக் காட்டுகிறவர்களும் கதவோடு நிறுத்திவிடுகிறார்கள். தயவு செய்து உள்ளே போங்கள். இங்கே ஒரு சுவர் முழுக்க விபத்து விசாரணை அறிக்கைகள். பிரிட்டனின் எம்ஏஐபி, அமெரிக்காவின் என்டிஎஸ்பி போன்ற அமைப்புகள் இவற்றை இணையத்தில் இலவசமாகவே போடுகின்றன, ஆனால் இந்த நூலகர் அவற்றை அச்சிட்டு, கப்பல் பெயர் வாரியாக வைக்காமல், என்ன தவறு நடந்தது என்பதன்படி அடுக்கி வைத்திருக்கிறார்: லுக்அவுட் தவறு, மூடிய அறைக்குள் மூச்சுத்திணறல், நங்கூரம் இழுத்துப் போனது, எக்டிஸ், லைஃப்போட் என்று தனித்தனித் தட்டு. மறுநாள் என்ன பயிற்சி என்று பயிற்றுநர்கள் முந்தின நாளே நூலகத்துக்குச் சொல்லிவிடுகிறார்கள், அதற்குப் பொருந்தும் அறிக்கை வாசலருகே மேசையில் காத்திருக்கும்.

அப்படித்தான் ஓவிட் என்ற கப்பலின் அறிக்கையைப் படித்தேன். 2013 செப்டம்பர் 18, டோவர் நீரிணை, ஒரு கெமிக்கல் டேங்கர் வார்ன் மணல் திட்டில் ஏறி நின்றுவிட்டது. பாதையைப் போட்டவர் அனுபவமில்லாத இளம் அதிகாரி, அது திட்டின் மேலேயே போகிறது, கேப்டன் சரிபார்க்கவில்லை. எக்டிஸில் பாதுகாப்பு எல்லைக்கோடு (கப்பலுக்குப் போதுமான ஆழம் எங்கே முடிகிறது என்று காட்டும் கோடு) சரியாக அமைக்கப்படவில்லை, எச்சரிக்கை ஒலி வேலை செய்யவில்லை. தரை தட்டிவிட்டோம் என்பது வாட்ச் அதிகாரிக்குப் புரியவே 19 நிமிடம் ஆனது. அந்தக் கப்பலின் அதிகாரிகள் எக்டிஸ் பயிற்சி முடித்தவர்கள். இந்த வரியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்பவில்லை. பக்கத்திலேயே ராயல் மெஜஸ்டி, 1995 ஜூன். ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் கழன்றுபோய், கருவி வேகத்தையும் திசையையும் மட்டும் வைத்து உத்தேசக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்ததை 34 மணி நேரத்துக்கு மேல் யாரும் கவனிக்காமல், சுமார் 17 மைல் விலகி அமெரிக்காவின் நான்டக்கெட் தீவு அருகே தரை தட்டிய பயணிகள் கப்பல். அடுத்த நாள் சிமுலேட்டரில் எங்களுக்கே தெரியாமல் ஜிபிஎஸ்ஸை நகர்த்தினார்கள். முந்தின இரவு அந்த அறிக்கையைப் படித்திருந்த குழு ரேடார் தூரத்தையும் திசையையும் வைத்து 12 நிமிடத்தில் கண்டுபிடித்தது. படிக்காத குழு கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

நூலகத்தின் பின்பக்கம் ஒரு பெரிய சார்ட் (கடல் வரைபட) மேசை இருக்கிறது. எக்டிஸ் 2012-லிருந்து 2018-க்குள் படிப்படியாகப் பெரும்பாலான பெரிய கப்பல்களுக்குக் கட்டாயமாகிவிட்டது, இன்னும் எதற்குக் காகிதச் சார்ட் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேடட்கள் அங்கே சார்ட் திருத்தங்களின் வாராந்திர அறிவிப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஊதா மையில் ஒரு மிதவையை அடித்துவிட்டு அரை அங்குலம் தள்ளிப் புதிதாக வரைந்து, கீழே இடது மூலையில் திருத்த எண்ணை எழுதுவதை நின்று பார்த்தேன். ஒரு பையன் தவறான மிதவையை அடித்துவிட்டு அப்படியே உறைந்து போனான். இனி அவன் எக்டிஸில் அப்டேட் ஏற்றும்போது உள்ளே என்ன மாறுகிறது என்று அவன் கண்ணுக்குத் தெரியும்.

ஒரே ஒரு குறை, ஆனால் சின்னக் குறை இல்லை. ஐஎம்டிஜி கோட் (ஆபத்தான சரக்குக்கான விதிநூல்) இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. இந்த நூலகத்தில் நடப்புப் பதிப்புக்குப் பக்கத்திலேயே இரண்டு பதிப்புக்கு முந்தையதும் நிற்கிறது, முதுகில் எந்த அடையாளமும் இல்லை. ஒரு கேடட் பழையதை எடுத்து ஆபத்தான சரக்கைப் பிரித்து வைக்கும் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார், நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. பழைய பதிப்பை வைத்திருக்கலாம், வைத்திருக்கவும் வேண்டும், ஆனால் வேறு அலமாரியில், பெரிதாக 'காலாவதி' என்று எழுதி.

கணினிக்கூடத்தைப் பற்றிச் சொல்லத்தான் மனசு வரவில்லை. எக்டிஸுக்கான ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) மாதிரிப் பாடம் 1.27, 40 மணி நேரம், ஆளுக்கு ஒரு கருவி என்பதுதான் அதன் அடிப்படை. இங்கே இருவருக்கு ஒன்று. பக்கத்தில் இருப்பவர் மவுஸைப் பிடித்தால் நான் வேடிக்கை பார்க்கிறேன், நான் பிடித்தால் அவர் வேடிக்கை பார்க்கிறார், ஆக ஆளுக்கு 20 மணி நேரம்தான் கை வேலை. பாதுகாப்பு எல்லைக்கோட்டை 10 மீட்டர் என்று கொடுத்தால் சார்ட்டில் 10 மீட்டர் கோடு இல்லாதபோது அது தானாக அடுத்த ஆழமான கோட்டுக்குத் தாவும், திரை முழுக்க நீலமாகிவிடும், இதையெல்லாம் நாமே தப்பும் தவறுமாகப் போட்டுப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். ஓவிட் அறிக்கையை நூலகத்தில் எடுத்து மேசையில் வைக்கும் அதே கல்லூரி, நாலு சுவர் தள்ளி இப்படிச் செய்வதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்று, கூடம் மாலை 5 மணிக்குப் பூட்டு. வகுப்பு முடிவது 4.30. அரை மணி நேரத்தில் என்ன செய்ய முடியும்? ஸ்டெபிலிட்டி (கப்பலின் நிலைத்தன்மை) மென்பொருள் நன்றாகவே இருக்கிறது, சரக்கை ஏற்றினால் ஜிஇசட் (சாய்ந்த கப்பலை நிமிர்த்தும் நெம்புதூரம்) வளைவு உடனே வரைந்து காட்டும். ஆனால் அது பச்சை டிக் போட்டுவிட்டுப் போய்விடும், ஏன் என்று சொல்லாது. நான் என் சொந்த லேப்டாப்பில், விடுதி அறையில் உட்கார்ந்து, ஒரு எக்ஸெல் தாளில் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எழுதினேன்: 30 டிகிரி சாய்வுவரை வளைவின் கீழ்ப் பரப்பு 0.055 மீட்டர்-ரேடியன், 40 வரை 0.090, இரண்டுக்கும் நடுவில் 0.030, 30 டிகிரியிலோ அதற்கு மேலோ ஜிஇசட் குறைந்தது 0.20 மீட்டர், ஆரம்ப ஜிஎம் (நிமிர்ந்து நிற்கும்போதைய நிலைத்தன்மை அளவு) 0.15 மீட்டர். மூன்று இரவு ஆனது. மேல்தளத்தில் சரக்கைக் கூட்டக் கூட்ட எந்த நிபந்தனை முதலில் உடைகிறது என்று பார்த்தபோதுதான் என் பழைய கப்பலில் சீஃப் மேட் ஏன் ஒரு பலாஸ்ட் டேங்கை (நிலைத்தன்மைக்காக நீர் நிரப்பும் தொட்டியை) பாதியில் விடவே விடமாட்டார் என்று புரிந்தது, பாதி நிரம்பிய தொட்டியின் ஃப்ரீ சர்ஃபேஸ் (உள்ளே தளும்பும் நீர்ப்பரப்பு) அந்த ஜிஎம்மைத் தின்றுவிடும். கூடம் இரவு 9 வரை திறந்திருந்தால் இதைப் பத்துப் பேர் சேர்ந்து செய்திருப்போம்.

சேரலாமா என்றால், ரேடார், பிரிட்ஜ் குழுப் பயிற்சி, கப்பல் கையாளுதல் இதற்கெல்லாம் யோசிக்காமல் சேரலாம். எக்டிஸ் படிப்பை மட்டும் ஆளுக்கொரு கருவி கொடுக்கும் வேறு இடத்தில் முடியுங்கள், கேட்டால் எல்லாக் கல்லூரியும் சொல்வார்கள், ஆனால் வகுப்பு நடக்கும் நேரத்தில் நேரில் போய் எண்ணிப் பாருங்கள். முதல் வாரமே நூலகரிடம் போய் உங்கள் பயிற்சி அட்டவணையைக் காட்டிவிடுங்கள், உங்களுக்கு வேண்டியதை அவர் எடுத்து வைப்பார்.

கிளம்பும் நாளில் இந்த மூன்று குறைகளையும், பழைய பதிப்பு, இருவருக்கு ஒரு கருவி, 5 மணிப் பூட்டு, ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். போன வாரம் அங்கே சேர்ந்த என் பழைய கப்பல் ஜூனியரிடம் விசாரித்தேன். பழைய ஐஎம்டிஜி இப்போது தனி அலமாரிக்குப் போய்விட்டதாம், முதுகில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறார்களாம். கணினிக்கூடம் 7 மணிவரை. எக்டிஸில் இன்னும் இரண்டு பேர்தான்.